கனகபூஷணியின் கடைசி அத்தியாயம்

"கையெழுத்து அவன்ரைதான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். வேறொண்டும் வேண்டாம்" என்றார் கந்தையா. "பத்து நிமிஷ வேலை. முடிச்சிட்டு நீர் போகலாம்."

துப்பறிவாளர் மகாதேவா நின்றுகொண்டே கேட்டார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

சிலாங்கூரில் ராசா என்ற சிற்றூரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தத் தகரக் கூரைக் கட்டடம். வாசலில் 'கலைவாணி வாசகசாலை, 1924' என்று பலகை. மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் இங்கே வாசகர் வட்டம் கூடும். ஒருவர் படித்த நல்ல புத்தகத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். இன்றைய சனிக்கிழமையில் மேசையைச் சுற்றி மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருமே யாரையாவது அடிக்க வேண்டும் என்ற முகத்தோடு இருந்தார்கள்.

தலைவர் கந்தையா, பக்கத்துக் கல்லுப்பால ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். அவருக்கு வலப்பக்கம் சபாரத்தினம், ஸ்டேஷன் குமாஸ்தா. இடப்பக்கம் முருகையா, தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர்.

"நாற்காலி இல்லாட்டிப் பரவாயில்லைங்க" என்றான் மகாதேவாவின் உதவியாள் சன்னாசி. "இது வாசகசாலைதானே. உக்காந்தா தூக்கம் வரும்."

"இந்த ஆளை வெளியில நிப்பாட்டும்" என்றார் கந்தையா.

"நிக்கமாட்டான்" என்றார் மகாதேவா. "என்ரை காரை ஓட்டுறதும் இவன்தான், என்னைவிட வேகமாய் யோசிக்கிறதும் இவன்தான். துண்டுகளைக் காட்டுங்கோ."

கோலாலம்பூர் நீதிமன்றத்தில் இருபது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறர் சொன்ன பொய்களை மூன்று மொழிகளில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர் மகாதேவா. அந்த அலுப்பில்தான் துப்பறிய வந்தார். சன்னாசி முன்பு லோரி ஓட்டியவன். பெயர்தான் சன்னாசி, வீட்டில் நான்கு பிள்ளைகள்.

சபாரத்தினம் ஒரு காகிதத் துண்டை மேசைமேல் எறிந்தார். விரலகலமே உள்ள நீண்ட துண்டு. மணிமணியான எழுத்து.

'சபாரத்தினம் அவர்களுக்குச் சிபாரிசு: கனகபூஷணி அல்லது இருமனை மர்மம். ஊரில் உயிரோடிருக்கும் மனைவியைச் செத்துவிட்டாள் என்று சொல்லி மறுமணம் செய்தவன் கதை. ஏமாந்த கனகபூஷணி கடைசியில் குளத்தில் விழுந்து மாள்கிறாள். தங்களுக்கு மிகவும் பிடிக்கும்.'

"பிடிச்சுதுங்களா?" என்றான் சன்னாசி.

சபாரத்தினம் எழுந்தார். முருகையா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு தன் துண்டைத் தானே மெதுவாகத் தள்ளிவைத்தார்.

'முருகையா அவர்களுக்குச் சிபாரிசு: அமிர்தாம்பாள் அல்லது மருந்தில் மாயம். காய்ச்சலுக்குத் தரும் கொயினா மருந்தில் தண்ணீர் கலந்து கொடுத்த வைத்தியனின் சரித்திரம். குட்டை வெளிப்படுத்தப் போன அமிர்தாம்பாள் கிணற்றில் விழுந்து மாள்கிறாள்.'

"ரெண்டும் புதுப் புத்தகம்" என்றார் முருகையா. "முதல் வாசகர் ஆர் எண்டு அட்டையில பேர் எழுதி வரும். எங்கட பேர் எழுதின புத்தகத்துக்குள்ளயே இந்தத் துண்டு கிடந்தது. இவ்வளவு விஷம் அந்தச் செல்லனுக்குத்தான் இருக்கும்."

செல்லன் கல்லுப்பாலத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவன். மாலையில் வந்து வாசகசாலையைக் கூட்டிப் பெருக்குவான். அதற்குக் கூலியாக, வட்டத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டு கேட்கலாம் என்று அனுமதி. ஆறு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அவனும் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுந்து பேசிவிட்டான். அன்றிலிருந்து இவர்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. துண்டுகள் வந்த மறுநாள் சபாரத்தினம் அவனை இதே அறையில் வைத்து அடித்தார். நாளைக் காலை ஆறு மணிக்குள் குடும்பத்தோடு தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரையிடம் உத்தரவு வாங்கிவிட்டார் கந்தையா.

"பிறகு நான் எதுக்கு?" என்றார் மகாதேவா.

"நான் உம்மைக் கூப்பிடேல்லை" என்றார் கந்தையா வெறுப்போடு. "இவை ரெண்டு பேருக்கும்தான் எழுத்தில ஒரு அத்தாட்சி வேணுமாம். நீர் எங்கட ஆள். எங்கட பக்கம் நிண்டு ஒரு வரி எழுதிறதுக்கு என்ன?"

"எழுதிறன். மூண்டு புத்தகத்தைத் தாருங்கோ. இந்த ரெண்டும், அதோட துண்டு வராத ஒரு புதுப் புத்தகமும்."

கந்தையா தயங்கினார். அந்தத் தயக்கத்தை மகாதேவாவும் பார்த்தார், சன்னாசியும் பார்த்தான்.

* * *

லயத்தில் ஏழாம் வீட்டுக் கதவைத் தட்டியதும், கதவு திறப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர் ஜன்னல் வழியாக வந்து சன்னாசியின் மேல் விழுந்தது.

"இது கெராணிக்கு வச்சிருந்த தண்ணி" என்றாள் உள்ளிருந்து செல்லனின் மனைவி வள்ளியம்மா. "நீங்க முந்திக்கிட்டீங்க. நாளைக்குத்தானே போகச் சொன்னாங்க, இன்னைக்கே வந்துட்டீங்களா?"

"குளிக்காமதான்மா வந்தேன். எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றான் சன்னாசி, முகத்தை வழித்துக்கொண்டு.

மகாதேவா தான் யார் என்று சொன்னார். அவர் பேசிய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் அவள் முகம் இன்னும் இறுகியது. "அப்ப அவங்க ஆளுதான்" என்றாள். ஆனாலும் கதவைத் திறந்தாள்.

செல்லன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இடது காது வீங்கிக் கறுத்திருந்தது. மூட்டை முடிச்சுகள் ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"நான் எழுதலைங்க" என்றான். "கேட்டா அடிக்கிறாங்க. கேக்காமலும் அடிக்கிறாங்க."

மகாதேவா மூன்று புத்தகங்களையும் அவன் முன்னால் வைத்தார். "இதுகளை வாசிச்சனியோ?"

செல்லன் வள்ளியம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"வாசிச்சேங்க. மூணும்."

மகாதேவா 'கனகபூஷணி'யை எடுத்துப் புரட்டினார். சென்னையிலிருந்து வரும் மலிவுப் பதிப்பு. தாள்கள் மடித்தபடியே கட்டப்பட்டிருக்கும். விளிம்பைக் கத்தியால் கீறினால்தான் உள்பக்கங்கள் திறக்கும். முப்பத்திரண்டாம் பக்கம் வரை கீறியிருந்தது. அதற்கு மேல் கத்தியே படவில்லை. மற்ற இரண்டிலும் அதே கதை.

"பொய் சொல்லுறாய்" என்றார் மகாதேவா. "இதைக் கடைசி மட்டும் ஒருவருமே வாசிக்கேல்லை."

"வாசிச்சேங்க!" செல்லனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "பக்கத்த வெட்டினா பெரிய கெராணி என் கைய வெட்டிடுவாரு. அதனால இப்படி."

அவன் மடித்த தாளின் மேல்விளிம்பை விரலால் மெல்ல அகற்றிக் குழலைப் போல் வளைத்தான். உள்ளே ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. இருட்டுக் குழலுக்குள் இருந்து வரி வரியாகப் படித்துக் காட்டினான். சன்னாசி சிரிப்பதற்கு வாயைத் திறந்தான், ஆனால் சிரிக்கவில்லை.

"ஒரு புத்தகத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டார் மகாதேவா.

"கூட்டி முடிச்சு, வெளிச்சம் போறதுக்குள்ள நாலு பக்கம் முடியுங்க."

"கனகபூஷணி கடைசியில என்ன ஆகிறாள்?" என்றார் மகாதேவா.

"புருசன வெளிய தள்ளிக் கதவச் சாத்துறா. அப்புறம் அதே வீட்டுல பொம்பளப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறா."

"குளத்தில விழேல்லையோ?"

"கொளமா? அந்தக் கதையில கொளமே இல்லீங்களே."

மகாதேவா பேனாக்கத்தியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் கீறினார். படித்தார். செல்லன் சொன்னது சரி. 'அமிர்தாம்பா'ளையும் கீறினார். அவள் கிணற்றில் விழவில்லை. கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னாள், வைத்தியன் சிறைக்குப் போனான்.

"அய்யா, கதைய முழுசாத் தெரிஞ்சவன் ஏன் தப்பா எழுதுறான்?" என்றான் சன்னாசி. "எழுதினது கதை தெரியாத ஆளு."

"அரைவாசி சரி" என்றார் மகாதேவா. "கதை தெரியாத ஆள் முடிவை எழுதாமலே விட்டிருக்கலாம். இது தனக்கு முடிவு தெரியும் எண்டு நம்பின ஆள். காரை எடு."

மூன்றாவது புத்தகத்தின் முடிவையும் செல்லனிடம் கேட்டுக்கொண்டார். அதன் பக்கங்களை மட்டும் அவர் கீறவில்லை.

* * *

"கடிதம் எங்கை?" என்றார் கந்தையா.

"ஒரு கேள்வி மிச்சம் இருக்கு." மகாதேவா மூன்றாவது புத்தகத்தை மேசையில் வைத்தார். "இந்த 'அரங்கநாயகி'யை வட்டத்துக்குச் சிபாரிசு செய்தது ஆர்?"

"நான்தான். மூண்டையும் நான்தான் தெரிஞ்செடுத்தனான்."

"எப்பிடி முடியுது கதை?"

கந்தையா நாற்காலியில் சாய்ந்தார். "வீட்டை விட்டு வெளிக்கிட்ட பொம்பிளைக்கு வேறென்ன முடிவு? கப்பலில ஏறுறாள். நடுக்கடலில குதிச்சுச் சாகிறாள்."

"எல்லாப் பொம்பளைக்கும் தண்ணியிலதான் கண்டம் போல" என்றான் ஈரச் சட்டையோடு நின்ற சன்னாசி. "கொளம், கெணறு, கடல்! ஆத்த மட்டும் ஏன் விட்டீங்க?"

மகாதேவா எல்லோரும் பார்க்க, மடிந்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கீறினார். கடைசிப் பத்தியை உரக்கப் படித்தார். அரங்கநாயகி பினாங்கில் இறங்குகிறாள், தம்பியைக் கண்டுபிடிக்கிறாள், துணிக்கடை வைக்கிறாள். கடலில் விழுந்தது அவளுடைய பழைய பெட்டி ஒன்றுதான்.

சபாரத்தினம் புத்தகத்தை இழுத்துத் தானே பார்த்தார்.

"தலைவர் முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல வாசிக்கிறதில்லை" என்றார் மகாதேவா. "மிச்சத்தைத் தானே கட்டுறார். இவர் கட்டுற முடிவும் துண்டில இருக்கிற முடிவும் ஒரே அச்சு."

சபாரத்தினம் மெல்ல எழுந்தார். "கந்தையா. என்ரை விஷயத்தை நான் உமக்குத்தான் சொன்னனான். உமக்கு மட்டும்தான்."

"நானும்" என்றார் முருகையா. "ஒரு சொட்டும் வெளியில போகாது எண்டு சத்தியம் பண்ணினீர்."

"நான் எழுதேல்லை!" கந்தையா மேசையை அடித்தார். "என்ரை கையெழுத்தோ இது? பாருங்கோ!"

சபாரத்தினம் அவருடைய கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டார். சன்னாசி நடுவே புகுந்து விலக்க வேண்டியிருந்தது.

"விடுங்கோ. அவர் எழுதேல்லை" என்றார் மகாதேவா. "தான் கட்டினது பொய் எண்டு அவருக்குத் தெரியும். எழுதினது அந்தப் பொய்யை நம்பின ஆள்." அவர் துண்டுகளைத் தூக்கிப் பிடித்தார். "இந்தத் தடிப்புக் காகிதம், ஒருபக்கம் நேர் வெட்டு. புத்தகத்துக்குப் பேர் எழுதிற அட்டைச்சீட்டு வெட்டி ஒட்டினாப் பிறகு மிஞ்சிற ஓரம். அட்டைச்சீட்டு எங்கை ஒட்டுறது?"

முருகையாவின் கண் ஜன்னலுக்குப் போனது. ரயில் பாதைக்கு அப்பால், ரப்பர் மரங்களின் விளிம்பில், பெரிய கிராணியின் வீடு தெரிந்தது.

கந்தையா கதவை மறித்து நின்றார். "என்ரை வீட்டுப் படியில நீர் கால் வைக்கக்கூடாது."

"தலைவரே, நான் மூணு டன் லோரி ஓட்டினவன்" என்றான் சன்னாசி. "வழி விடுங்க லா."

* * *

கந்தையாவின் மனைவி பராசக்திக்கு முப்பது வயது இருக்கும். சாப்பாட்டு மேசையில் மரவள்ளிமாப் பசைக் கிண்ணமும் கத்தரிக்கோலும் வைத்து அட்டைச்சீட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து ஆண்கள் மூச்சு வாங்க உள்ளே வருவதைப் பார்த்துக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"உள்ளுக்குப் போ!" என்றார் கந்தையா.

அவள் போகவில்லை. மகாதேவாவின் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"ஓம். நான்தான் எழுதினனான்."

முருகையா வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனம்மா?" என்றார் மகாதேவா.

"சீட்டு ஒட்டத்தான் புத்தகம் என்ரை கைக்கு வரும், வாசிக்க இல்லை. பெண்டுகளுக்கும் புத்தகம் தரவேணும் எண்டு வாசகசாலைக்கு விண்ணப்பம் எழுதினன். கதைப் புத்தகம் வாசிச்சால் பெண்டுகள் கெட்டுப்போவினம் எண்டு மூண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தள்ளிப்போட்டினம். அதை இவர் வந்து சொல்லிச் சிரிச்சார். அவை இரண்டு பேரின்ரை கதையையும் சொல்லிச் சிரிக்கிறவர்தானே. கெட்டுப்போறது ஆர் எண்டு அவைக்கும் தெரியட்டும் எண்டுதான் எழுதினன்." அவள் சபாரத்தினத்தைப் பார்த்தாள். "உங்கட பெண்சாதி சாகேல்லை. நீங்கதான் சாகடிச்சு வைச்சிருக்கிறியள்."

"நாக்கை அடக்கு!" என்றார் சபாரத்தினம்.

"அதுக்காக ஒரு தோட்டத்து ஆளை அடிவாங்க விட்டிட்டீங்களே" என்றார் மகாதேவா. "செல்லனுக்கு ஒரு காது போச்சு. விடிஞ்சால் பிள்ளைகளோட ரோட்டில."

பராசக்தியின் முகத்தில் இருந்த வீம்பு சட்டென்று வடிந்தது. "எந்தச் செல்லன்?"

"கூட்டிப் பெருக்கிற ஆள். அவன்தான் எழுதினவன் எண்டு…"

"துண்டைக் கண்டிட்டு எல்லாரும் சிரிச்சுக் கிழிச்சுப் போட்டினம் எண்டு இவர் சொன்னார்." அவள் கணவனின் பக்கம் திரும்பினாள். "அப்பிடித்தானே சொன்னீங்கள்?"

"அது அவன்ரை வேலை எண்டு நான் நினைச்சன்" என்றார் கந்தையா. "உன்ரை கையெழுத்து எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "அவைக்கு எழுத முதல் உங்களுக்குத்தான் ஒண்டு எழுதினன். 'அரங்கநாயகி'க்குள்ள வைச்சன். 'இந்தக் கதையை எனக்குச் சொல்ல வேண்டாம், வாசிக்கத் தாருங்கோ' எண்டு. இதே ஓரக் காகிதத்தில, இதே கையெழுத்தில. கீழே என்ரை பேரையும் போட்டன். நீங்கள் அதை எனக்கு முன்னாலதான் அடுப்பில போட்டீங்கள்."

முருகையா கந்தையாவை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப முதல் நாளே தெரியும் உமக்கு. தெரிஞ்சுகொண்டுதான் செல்லனைக் காட்டினீர். அவனை அடிக்கவும் விட்டீர்."

"நான் வேறென்ன செய்ய?" என்று கத்தினார் கந்தையா. "என்ரை பெண்சாதி எண்டு சொல்லி ஊர் சிரிக்க விடுறதோ? அவன் ஒரு கூலி. இந்தத் தோட்டம் இல்லாட்டி பத்தாங் காலி ஊரில இன்னொரு தோட்டம்!"

சன்னாசி ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டு வெளியே போய்க் காரைக் கிளப்பினான்.

பராசக்தி ஒரு முழுத் தாளை எடுத்தாள். துரைக்கு எழுதினாள்: துண்டுகளை எழுதியது தானே, செல்லனுக்கு அதில் பங்கில்லை.

"கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில உனக்கு இடமில்லை" என்றார் கந்தையா.

அவளுடைய பேனா நின்றது. மகாதேவாவிடம் கேட்டாள்: "கனகபூஷணியின்ரை முடிவைப் பற்றி இவர் சொன்னது பொய் எண்டு வாசலில கதைச்சுக்கொண்டு வந்தீங்கள். மெய்யோ?"

"மெய்தான் அம்மா. குளத்தில விழேல்லை. அவள் என்ன செய்தாள் எண்டால்…"

"வேண்டாம்" என்றாள் பராசக்தி. "சொல்லாதையுங்கோ. ஏழு வருஷமாய் எனக்கு ஒரு ஆள் சொல்லிச்சொல்லிப் போதும்."

கையெழுத்துப் போட்டாள்.

* * *

துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மகாதேவா பராசக்தியோடு பங்களா வாசலில் நின்று ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். கதைப் புத்தகச் சண்டைக்காக நல்ல பால்வெட்டுக்காரன் ஒருவனை விரட்ட இருந்தேனா என்று துரை எரிந்து விழுந்தார். உத்தரவைக் குறுக்கே அடித்தார். அந்தப் பெண்ணை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

செய்தியைச் சொல்ல லயத்துக்குப் போனபோது பராசக்தியும் காரிலிருந்து இறங்கினாள். வள்ளியம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றாள் பராசக்தி.

"பெரிய வீட்டுச் சண்டையில எங்க மனுசன் காது போச்சுங்க" என்றாள் வள்ளியம்மா. "நீங்க வந்து சொன்னது சரிதான். ஆனா வீட்டுக்குள்ள வாங்கன்னு என்னால சொல்ல முடியல."

உள்ளே செல்லன் மூட்டைகளை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பராசக்தி சிறிது நேரம் அங்கேயே நின்றாள். பிறகு காருக்குத் திரும்பினாள்.

கிராணி வீட்டுக் கதவு தாழிடப்பட்டிருந்தது. படியில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. மூடி சரியாகப் பூட்டாமல், சேலை முந்தானை ஒன்று வெளியே தொங்கியது. அவள் கதவைத் தட்டவில்லை. முந்தானையை உள்ளே தள்ளி மூடினாள். சன்னாசி பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான்.

"எங்கை போறது அம்மா?" என்றார் மகாதேவா.

"கோல சிலாங்கூரில அக்கா இருக்கிறா. அத்தானும் இவரும் நல்ல சிநேகிதம்."

"கதவைத் திறப்பாவோ?"

"தெரியாது."

சன்னாசி வானத்தைப் பார்த்தான். மழை வரும் போலிருந்தது. கோல சிலாங்கூர் போய்ச் சேர இருட்டிவிடும்.

"நான் தட்டுறேன்மா" என்றான். "எனக்குத்தான் இன்னைக்குக் கதவு தட்டி நல்லாப் பழகியிருக்கு. தண்ணி ஊத்தினா அதுவும் எம்மேலயே ஊத்தட்டும்."

அன்று முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்த மறுகணமே அழுதாள். மகாதேவா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி ஆடாமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். கார் கிழக்கே மலையைப் பின்னால் விட்டு, கடற்கரைச் சாலையை நோக்கித் திரும்பியது.